டாக்டரை எம்.எல்.ஏ. ஆக்குனோம்

உக்காருங்க டாக்டரம்மா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க, இங்கதான் ஃபேன் காத்து நல்லா வரும். பஸ்ஸு மூணரைக்கு. மூணரைன்னா நாலு. கட்டடத்தைப் பாத்தாச்சு. பிடிச்சிருக்கா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன். வீட்டுல கலந்து பேசி, நிதானமாச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். இந்த ஆவரங்குளத்துக்கு வந்த டாக்டர் யாரும் கெட்டுப் போனதாச் சரித்திரமே கிடையாது. என்ன, வந்தது ஒரே ஒரு டாக்டருதான். அவரும் கெட்டுப் போகல. எம்.எல்.ஏ. ஆனாரு.

வெளிய நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. நல்ல டாக்டரை ஊரே சேந்து ஓட்டிட்டாங்கன்னுகூடச் சொல்லுவாங்க. முக்கியமா அந்த இட்லிக் கடை முப்பிடாதி. உங்களுக்குக் கட்டடத்தைத் தொறந்து காட்டுனாளே, அவதான். அவ பேச்சை எடுத்துக்காதீங்க. பக்கத்துலயே இருந்தவன் நான். முப்பத்தோரு வருஷமா இந்த மெடிக்கல் ஷாப்பு நடத்துதேன். வைகுண்டமணின்னு கேட்டா டவுன்ல மொத்த மருந்துக்கடை வரைக்கும் தெரியும். நடந்ததை நடந்தபடி நான் சொல்லுதேன், கேளுங்க.

அவரு பேரு டாக்டர் தனுஷ்கோடி. ராமநாதபுரம் பக்கத்து ஆளு. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கட்டடத்துல உக்காந்து வைத்தியம் பாத்தாரு. பொண்டாட்டி பிள்ளைன்னு கிடையாது. கைராசின்னா அப்படியொரு கைராசி. வயித்துவலின்னு போனா வயித்தைத் தொடறதுக்கு முந்தி, "நேத்து என்ன சாப்பிட்ட? யாரு கூட சண்டை?"ன்னு கேப்பாரு. பாதி நோவு அதுலயே போயிரும். மிச்சப் பாதிக்கு வெந்நி குடிக்கச் சொல்லுவாரு. மருந்து எழுதவே கை வராது. அது ஒண்ணுதான் அவருகிட்ட இருந்த குறை. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், "சனங்களுக்கு ஒரு டானிக்காவது எழுதுங்க சார், திருப்திக்கு"ன்னு. சிரிப்பாரு.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. இந்த ஊருக்கு ஒரு கவர்மெண்டு ஆஸ்பத்திரி வரணும். முப்பது படுக்கை, ஒரு பிரசவ அறை. நம்ம பொம்பளைங்க பிரசவத்துக்கு டவுன் வரைக்கும் போகணும். முப்பத்திரண்டு கிலோமீட்டர். பாதி வழியில வேன்லயே பெத்துருவாங்க. அதுக்காகப் பத்து வருஷம் மனு எழுதிப் போட்டாரு. ஒவ்வொரு தடவையும் பதில் வரும், "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது". அதையெல்லாம் ஒரு பைல்ல கோத்து வச்சிருந்தாரு.

இப்படி இருக்கையிலதான் மாவட்டத்துக்குத் தொண்டை கட்டிப் போச்சு. மாவட்டம்னா மாவட்டச் செயலாளரு. கட்சியில அப்படித்தான், ஆளு பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. ஒன்றியம் வந்தாரு, நகரம் போனாரும்பாங்க. தேர்தல் நேரம், பேசிப் பேசிக் குரலே போச்சு. டவுன்ல பாத்து, மதுரையில பாத்து, கடைசியில நம்ம டாக்டருகிட்ட வந்தாரு. டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பத்து நாள் வாயத் தொறக்கக் கூடாது. மருந்து வேண்டாம்"னுட்டாரு. மாவட்டம் வெளிய வந்து பாக்காரு. திங்கக்கிழமை. எரநூறு முந்நூறு பேரு மரத்தடியில உக்காந்திருக்காங்க. பேசக்கூடாதுல்லா, சட்டைப் பையிலேருந்து ஒரு தாளை எடுத்து எழுதி என்கிட்ட நீட்டுதாரு: "இந்தக் கூட்டத்தைக் கூட்டியாந்தது யாரு?" நான், "யாரும் கூட்டியாரல, தானா வந்ததுங்க"ன்னேன். மறுபடி எழுதுனாரு: "பிரியாணி?" "வெந்நிதாங்க"ன்னேன். அந்த மனுசன் அப்படியே தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு.

நாலாம் நாளு கட்சியிலேருந்து ஆள் வந்துட்டுது. நான்தான் உள்ள போய் டாக்டருகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஒரு கிழவருக்குக் காதுல சீழ் தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

"சார், உங்களை நிக்கச் சொல்லுதாங்க."

"எங்க?"

"சட்டசபைக்கு."

"எனக்கு அங்க யாரைத் தெரியும்?"ன்னாரு. பாத்துக்கிடுங்க, அவ்வளவு வெள்ளந்தி.

நான் விடல. "பத்து வருஷமா எழுதிப் போடுதீங்க சார். வெளிய நின்னு எழுதுறதுக்குப் பேரு மனு. உள்ள போய் எழுதுனா அது உத்தரவு. நீங்க போனா ஒரே வருஷத்துல ஆஸ்பத்திரி வந்துரும்"னேன். அப்பத்தான் பஞ்சைக் கீழ வச்சாரு.

"எத்தனை நாள் அங்க போய் இருக்கணும்?"

"வருஷத்துல முப்பது நாப்பது நாளு சார். மிச்சமெல்லாம் இங்கதான்."

வேணும்னு பொய் சொல்லல டாக்டரம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

ஊர்க்கூட்டம் போட்டோம். எல்லாரும் கை தட்டுதாங்க. இந்த முப்பிடாதி மட்டும் எந்திரிச்சு, "டாக்டரு அங்க போயிட்டா, இங்க ஊசி யாரு போடுவா?"ன்னு கேட்டா. ஊரே சிரிச்சுது. நான்தான் சொன்னேன், "ஏட்டி, ஆஸ்பத்திரியே வரப்போகுது, நீ ஒரு ஊசிக்கு அழுதியே"ன்னு. அவளும் உக்காந்துட்டா.

அடுத்து ஒரு சிக்கல் வந்துது. வேட்பு மனு போடும்போது கட்சியில கேக்காங்க, டாக்டரு என்ன ஆளுங்கன்னு. அப்பத்தான் எங்களுக்கே உறைக்குது, இருபத்திரண்டு வருஷமா யாரும் கேட்டதே இல்லன்னு. எல்லார் நாக்கையும் ஒரே டார்ச்சை வச்சுத்தான பாத்தாரு. தெற்குத் தெருவுல "நம்மாளு"ங்காங்க. வடக்குத் தெருவுல "எங்காளு"ங்காங்க. காலனியில "ரெண்டும் இல்ல, எங்க டாக்டரு"ங்காங்க. மாவட்டமே நேர்ல வந்து, நாசூக்கா, "சார், நீங்க எந்தக் குரூப்பு?"ன்னு கேட்டாரு. "ஓ பாசிட்டிவ்"ன்னாரு டாக்டரு. மாவட்டம் அதையும் எழுதிக்கிட்டுப் போனாரு. கடைசி வரைக்கும் நாங்க கண்டுபிடிக்கல. அதுவும் நல்லதாப் போச்சு, மூணு தெருவுலயும் ஓட்டு விழுந்துது.

பிரச்சாரத்தைக் கேக்கணுமே! மைக்கைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேச வராது. ஜீப்புல நின்னுக்கிட்டுக் கூட்டத்துல தெரிஞ்ச முகமாத் தேடுவாரு. தேடிப் பிடிச்சு, "சண்முகத்தாயி, சர்க்கரை மாத்திரையை நிப்பாட்டிட்டியாமே?"ம்பாரு. ஒரு நாள் ரைஸ்மில் ஆவுடையப்பன் ஓரமா நிக்காரு. எதிர்க்கட்சிக்காரரு, முறுக்கு மீசை. நம்ம டாக்டரு மைக்குல, "ஆவுடையப்பா! மூலம் எப்படியிருக்கு? ரத்தம் நின்னுட்டா?" ஐநூறு பேரு டாக்டரம்மா! எனக்கு உசுரே போயிட்டுது. பாஞ்சு போய் மைக்கை அமத்துனேன். ஆவுடையப்பன் அப்படியே நின்னாரு. அப்புறம் ரெண்டு கையையும் கூப்பி, "நின்னுட்டு சார்"ன்னாரு. கூட்டம் விசிலடிக்குது. எதிர்க்கட்சிக்காரன் மூலத்தைக்கூட ஞாபகம் வச்சிருக்காரேன்னு ஊரெல்லாம் அதே பேச்சு. அந்த ஒரு கேள்விக்கே ரெண்டாயிரம் ஓட்டு விழுந்திருக்கும். ஜெயிச்சாச்சு.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். எம்.எல்.ஏ. விடுதியில டாக்டரு அறைக்கு முன்னால காலையில ஆறு மணிக்கே வரிசை நிக்குது. எல்லாம் சட்டமன்ற உறுப்பினருங்க. வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கிட்டு, பிரஷர் பாக்க. எந்தக் கட்சின்னு பேதமே இல்ல. நான், "சார், பெரிய செல்வாக்கு"ன்னேன். டாக்டரு, "அங்க பாத்த வேலைதான் வைகுண்டம். ஆனா இங்க ஒருத்தரும் சொன்னதைக் கேக்க மாட்டேங்காங்க"ன்னாரு.

ஆஸ்பத்திரி பைலை எடுத்துக்கிட்டு மந்திரியப் பாக்கப் போனோம். மந்திரி தங்கமான மனுசன். பைலை வாங்கிப் படிச்சாரு. கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துட்டாரு டாக்டரம்மா, நான் கண்ணால பாத்தேன். நம்மாளு பைலைப் பாக்காம மந்திரி காலையே பாத்துக்கிட்டு நிக்காரு. "அந்தப் பெருவிரல் புண்ணு எத்தனை நாளா ஆறாம இருக்கு?"ன்னாரு. அறையில இருபது பேரு. "சர்க்கரை முந்நூறுக்கு மேல இருக்கும். இப்பவே கவனிக்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்." அவ்வளவுதான். மந்திரி பேனாவை மூடிட்டாரு. சாயந்திரத்துக்குள்ள ஊரெல்லாம் பேச்சு, மந்திரிக்கு ஒடம்பு முடியல, இலாகா மாறப் போகுதுன்னு. அந்தப் பைல் அன்னைக்குப் போனதுதான். ஊர்ல ஓட்டு வாங்கிக் குடுத்த அதே வாயி, அங்க ஆஸ்பத்திரியக் கெடுத்துட்டுது. நான் திரும்பி வரையில கேட்டேன், "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே சார்?" "சொன்னேனே, நேத்தே தனியாச் சொன்னேன். சிரிச்சாரு"ன்னாரு.

ஆஸ்பத்திரிக்குப் பதிலா நமக்கு ஒரு நிழற்குடை வந்துது. அந்தா, நீங்க எறங்குன இடம். டாக்டரு பேரு அம்புட்டுப் பெரிசா எழுதியிருக்கும். வெயிலு அடிக்கும், மழை ஒழுகும், ஆனா பேரு அழியாது. நல்ல பெயிண்டு.

அந்த அஞ்சு வருஷமும் இங்க எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கிட்டேன். டாக்டரு சனி ஞாயிறு வருவாரு. அதுலயும் கல்யாணம், காதுகுத்து, கொடியேத்தம். நோயாளின்னு வந்தவனும் கூட்டத்தைப் பாத்துட்டு, வந்ததுக்கு ஒரு மனுவாவது குடுப்போம்னு குடுத்துட்டுப் போயிருவான். டாக்டரு லெட்டர்பேடுல மொத்தமா நூறு கையெழுத்துப் போட்டு என்கிட்ட குடுத்திருவாரு. யாருக்கு வேலை, யாருக்கு டிரான்ஸ்பரு, யாருக்குக் காலேஜு சீட்டு, எல்லாம் நான் நிரப்பிக் குடுப்பேன். டாக்டரு கிளினிக்குல ஒரு பிரிட்ஜு இருந்துது. பாம்புக்கடி மருந்து வச்சிருப்பாரு. காலாவதியாகிப் போச்சு, யாரு போடப் போறா? எடுத்துப் போட்டுட்டு, மனு குடுக்க வாரவங்களுக்கு மோரும் கலர் சோடாவும் வச்சேன். பெருமைக்குச் சொல்லல, ஒரு ஆளையும் வெறும் வாயோட அனுப்புனதில்ல.

நாலாவது வருஷம், ஒரு செவ்வாக்கிழமை காலையில, முப்பிடாதிய விரியன் கடிச்சுட்டுது. கண்ணாடி விரியன். கிளினிக்குக்குப் பின்னால விறகு அடுக்கி வச்சிருந்தா, அதை எடுக்கக் கைய விட்டிருக்கா. பத்து மணி இருக்கும். வலது கையைப் பிடிச்சுக்கிட்டு நேரா என்கிட்டதான் வந்தா. நான் உடனே செயல்ல எறங்கிட்டேன். டவுன் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். சும்மா அனுப்பிற முடியுமா? எம்.எல்.ஏ. ஊரு ஆளு, ஒரு லெட்டரு இருந்தாத்தான மரியாதையாக் கவனிப்பாங்க. டிராயரைத் தொறந்து பாக்கேன், லெட்டர்பேடு தீந்து போச்சு. கடைசித் தாளு ரெண்டும் என் மருமவன் டிரான்ஸ்பருக்குப் போயிருந்துது. சரி, டாக்டரை விட்டே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொல்லுவோம்னு கூப்பிட்டேன். சபை நடக்கு, போனு அமத்தி இருக்கு. உதவியாளருக்குப் போட்டேன், "சார் வெளிய வரட்டும்"னாரு. விட்டேனா? விடாம அடிச்சேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆட்டோக்காரன் நின்னு கத்துதான், "அண்ணாச்சி, கெளம்புவோம்"னு. "இருல, பேசிட்டே இருக்கேன்லா"ன்னேன். கை தோள்பட்டை வரைக்கும் வீங்கி வருது. முப்பிடாதி அழல. பெஞ்சுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

ஒரு மணிக்கு லைன் கெடைச்சுது. விஷயத்தைச் சொன்னேன். அவரு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, இருபத்தாறு வருஷத்துல நான் கேட்டதில்ல. "பாம்பு கடிச்சவளுக்கு லெட்டரா? வண்டியில ஏத்துய்யா!"ன்னாரு.

கூட்டிட்டுப் போனோம். டியூட்டி டாக்டர் ஒரு சின்ன வயசுப் பையன். நான், "எம்.எல்.ஏ. ஆளுங்க"ன்னேன். காதுலயே வாங்கல. "கடிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சு?"ன்னுதான் கேட்டான். மரியாதை தெரியாத பய. உசுரைக் காப்பாத்திட்டாங்க. மூணு விரலு போச்சு. இப்ப இடது கையால மாவு ஊத்துதா. இட்லி என்னமோ அதே ருசிதான்.

அன்னைக்குச் சாயந்திரம் சபையில ஏதோ ஓட்டெடுப்பு. கட்சிக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம இருக்கணும்னு கொறடா உத்தரவு. நம்மாளு ஒருத்தருகிட்டயும் சொல்லாம, கெடைச்ச ரயில்ல ஏறிட்டாரு. மறுநாள் விடியக்காலை அவ கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நிக்காரு. மூணு நாளு நகரல. என்னைத் திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். திட்டல. வராண்டாவுல வச்சு, "வைகுண்டம், ஏன் உடனே அனுப்பல?"ன்னாரு.

"லெட்டரு இல்லாமப் போனா கவனிப்பாங்களா சார்?"ன்னேன்.

"இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். நாலு வருஷமா நாம இதைத்தான செஞ்சுக்கிட்டு வாரோம்."

உண்மையத்தான சொன்னேன்? அதுக்கு அந்த மனுசன் சுவத்துல சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. எம்.எல்.ஏ. தரையில உக்காந்திருந்தா பாக்கிறவன் என்ன நெனைப்பான்? நான் ஓடிப்போய் ஒரு நாற்காலி எடுத்தாந்தேன். உக்காரல.

ஓட்டெடுப்புக்கு இல்லேன்னு கட்சியில கோவம். அடுத்த தேர்தல்ல தொகுதியக் கூட்டணிக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. டாக்டரு ஒரு வார்த்தை கேக்கல. நேரா இங்க வந்து, போர்டைத் தொடச்சு மாட்டி, டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கிப் போட்டு உக்காந்துட்டாரு. எனக்குன்னா சந்தோசம், கடை பழையபடி ஓடும்லா.

ஆனா சனங்க பழையபடி இல்ல. ஒருத்தனைப் படுக்க வச்சு வயித்தை அமுக்கி, "எங்க வலிக்கு?"ன்னு கேக்காரு. அவன் படுத்தபடியே இடுப்புலேருந்து ஒரு தாளை உருவி, "பட்டா இன்னும் வரலை சார், அதான் வலி"ங்கான். "நான் இப்ப எம்.எல்.ஏ. இல்லப்பா"ன்னா, "அஞ்சு வருஷம் இருந்தீங்கள்லா, நாலு பேரைத் தெரியாமலா போயிரும்?"ங்கான். இன்னொரு பக்கம், "கோடிக்கணக்குல சேத்தவரு, நம்ம காய்ச்சலையா பாக்கப் போறாரு?"ன்னு டவுனுக்குப் போறாங்க. அவரு கிட்ட இருந்தது அந்தப் பழைய பைக்குதான். சொன்னா யாரு நம்புறா? ஒரு நாள் ஒரு பொம்பள தலைவலின்னு வந்தா. இவரு பழக்கதோசத்துல, "சரிம்மா, பரிசீலிக்கலாம்"னுட்டாரு. சொல்லிட்டு அவரே திடுக்கிட்டுப் போயிட்டாரு. நான் அப்ப உள்ளதான் இருந்தேன். அவரு மொகம் போன போக்கைப் பாத்தேன்.

மறுவாரம் கெளம்பிட்டாரு. ஒரு பொட்டி, ஒரு டார்ச்சு. என்கிட்ட சொல்லிக்கல டாக்டரம்மா. எனக்கு ஆத்தாமையே அதுதான். அவரை ஆளாக்குனது நானு. கட்டடத்துச் சாவிய யாருகிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு? முப்பிடாதிகிட்ட. "யாராவது டாக்டரு வந்தாத் தொறந்து குடு. வேற எதுக்கும் தொறக்காத"ன்னு சொல்லிட்டுப் போனாராம். நான் மருந்துப் பொட்டி நாலு வைக்கக் கேட்டேன், குடுக்க மாட்டேனுட்டா.

ரெண்டு வருஷம் தேடி, ஆளைக் கண்டுபிடிச்சேன். மேற்க மலையடிவாரத்துல ஒரு சின்னக் கிராமம், ஓட்டு வீட்டுல வைத்தியம் பாக்காரு. போனா, வாசல்ல முப்பது நாப்பது பேரு, எல்லாரும் உண்மையிலயே நோயாளிங்க. என்னைப் பாத்ததும் கையப் பிடிச்சு நாடிதான் பாத்தாரு. "ஊறுகாயைக் கொறைங்க"ன்னாரு. "ஊரே உங்களை நெனைச்சு ஏங்குது, வாங்க சார்"ன்னேன். "இங்க என்னை யாருக்கும் தெரியாது வைகுண்டம். வயித்துவலின்னா வயித்துவலின்னு மட்டும் சொல்லுதாங்க. நல்லாத் தூங்குதேன்"னாரு. சோறு போட்டாரு. மொகத்துல அப்படியொரு தெளிவு.

எனக்கு மனசு கேக்கல. எப்பேர்ப்பட்ட மனுசன், இப்படி அடையாளம் இல்லாமக் கெடக்காரேன்னு. பஸ்ஸுக்கு நிக்கையில டீக்கடையில சொன்னேன், "உங்க டாக்டரு யாருன்னு தெரியுமாய்யா? அஞ்சு வருஷம் எம்.எல்.ஏ.! மந்திரி அறைக்குள்ள கேக்காமப் போனவரு!" அத்தனை பேரும் வாயப் பொளந்துட்டாங்க. பஸ்ஸு வாரதுக்குள்ள ரெண்டு பேரு தாளும் பேனாவும் வாங்கிட்டு வந்து, மனு எப்படி எழுதணும்னு என்கிட்டயே கேட்டாங்க. எழுதிக் குடுத்துட்டுத்தான் ஏறுனேன். அவருக்கு என்னால முடிஞ்ச மரியாதை.

அங்கயும் ரெண்டு மாசத்துல காலி பண்ணிட்டாராம். ஏன்னு தெரியல. இப்ப எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு இடத்துல நெலைச்சு இருக்க முடியாத மனுசன், நாம என்ன செய்ய முடியும் சொல்லுங்க?

ஆனா நீங்க எதுக்கும் பயப்படாதீங்க. இது நன்றியுள்ள ஊரு. டாக்டரைத் தூக்கி எங்கயோ வச்சுரும். காலையில நீங்க கட்டடம் பாக்க வந்தீங்க, அதுக்குள்ள வாசல்ல அந்தக் கிழவியோட குனிஞ்சு பேசி, காலு வீக்கத்தை அமுக்கிப் பாத்தீங்க. சுத்தி இருபது பேரு கூடிட்டாங்க. நான் எண்ணிப் பாத்தேன். எவ்வளவு அன்பா, எவ்வளவு பொறுமையாப் பேசுனீங்க! அந்தக் குரலு தெருக்கோடி வரைக்கும் தெளிவாக் கேட்டுது, மைக்கே வேண்டாம்.

இன்னொரு சேதி, சும்மா தகவலுக்குச் சொல்லுதேன். இந்தத் தடவை எங்க ஒன்றியத்துச் சேர்மன் பதவியப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நல்ல படிச்ச பொம்பளையா எங்க போய்த் தேடன்னு நேத்துகூட மாவட்டம் வந்து பொலம்பிட்டுப் போனாரு.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? பஸ்ஸு இப்பத்தான் பாலத்துல திரும்புது, நின்னுதான் போவான். பைய நான் தூக்கிட்டு வாரேன், குடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன் டாக்டரம்மா. உங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?